கம்பியும் வெந்நீரும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் வெந்நீர் எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வாளியில் தண்ணீரைப் பிடித்து, ஹீட்டர் ராடு என்ற அந்த வளைந்த குழாயை அதில் தொங்கவிட்டு, சுவரிலுள்ள பொத்தானைத் தட்டினால் போதும். விறகு வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம், கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்படியில் உட்காரவும் வேண்டாம். எங்கள் வீட்டிலும் சென்ற மார்கழி வரையில் இந்தச் சௌகரியத்தை ஆனந்தமாக அநுபவித்து வந்தோம்.

ஒரு நாள் காலையில் என் பத்து வயதுப் பெண், தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பார்ப்பதற்காக வாளிக்குள் விரலை விட்டாள். ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு வாளி. "அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் நான் ஓடிவந்து பொத்தானை அணைத்தேன். கடவுள் கிருபையால் கை சற்று நேரம் மரத்துப்போனதோடு சரி. ராட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, அதன் குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. அது மட்டுமல்ல. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது பழைய காலத்து இரண்டு துளைப் பெட்டி. ராடு விற்ற கடைக்காரர் பிளக்கின் மூன்றாவது முனையைக் கழற்றி, "இதற்கு ஒரு வேலையும் இல்லை, ஸார்!" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இருபது வருஷமாகப் பௌதிகம் போதிக்கும் நானும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் பெண் கேட்டாள்: "தண்ணீருக்குள்ளே மின்சாரத்தை வைக்கலாம் என்று முதல் முதலில் யாருக்கு அப்பா தோன்றிற்று?"

நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்தை ஒட்டி ஸால்போர்டு என்று ஓர் ஊர். அங்கே பீர் காய்ச்சும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்த குடும்பத்தில் 1818-ஆம் வருஷம் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் பிறந்தார். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் படித்தவரல்ல. அணுக்கொள்கையால் பெயர் பெற்ற ஜான் டால்டனிடம் சிறிது காலம் பாடம் கேட்டதுண்டு. மற்றப்படி, பகலில் தொழிற்சாலை, ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே ஆராய்ச்சி என்று வாழ்ந்தவர். பானம் காய்ச்சுகிறவனுக்கு வெப்பமானியின் அருமை தெரியும். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் சரக்கு கெட்டுவிடும் அல்லவா? ஜூல் தம் ஆயுள் முழுவதும் டிகிரியின் சிறு பின்னங்களைக் கூடக் கவனித்து அளந்ததற்கு அந்தத் தொழிலும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

1840-ஆம் வருஷம் அவர் ஒரு கண்ணாடிக் குழாயின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றி, ஜாடித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்கலங்களிலிருந்து மின்சாரத்தை அதன் வழியே செலுத்தினார். தண்ணீர் சூடேறியது. கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த சங்கதிதான். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சூடு என்ற கணக்குத்தான் தெரியவில்லை. ஜூல் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. கம்பியின் தடை எவ்வளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் சூடும் கூடும். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை. லண்டன் ராயல் சொஸைட்டியார் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். முழுக் கட்டுரை 1841-இல் வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது. அதற்கு அடுத்த வருஷம் ருஷ்யாவிலிருந்த லென்ஸ் என்ற விஞ்ஞானியும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

ஆக, ஹீட்டர் ராடின் தத்துவம் 1840-லேயே தயார். நேயர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: ஜூல் கம்பியை நேரே தண்ணீருக்குள்தான் வைத்தார்.

அப்படியானால் மின்சார வெந்நீர் உடனே வீடுகளுக்கு வந்திருக்கவேண்டும் அல்லவா? வரவில்லை. ஐம்பது வருஷம் ஆயிற்று. அதற்குக் காரணம் மிகவும் சாதாரணமானது, காசு! அந்த நாளில் மின்சாரம் என்றால் துத்தநாகத்தைத் திராவகத்தில் கரைத்துத்தான் எடுக்கவேண்டும். மின்சாரத்தால் ஓடும் மோட்டாரைப் பற்றி ஜூல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு ராத்தல் துத்தநாகம் செய்யும் வேலையைப்போல ஐந்து மடங்கு வேலையை ஒரு ராத்தல் நிலக்கரி நீராவி யந்திரத்தில் செய்துவிடுகிறது என்று கண்டு மனம் சோர்ந்தார். துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு விலை. அந்த மின்சாரத்தில் வெந்நீர் போடுவது, சந்தனக் கட்டையை அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சுவது போலத்தான்.

டைனமோ யந்திரம் சீர்ப்பட்டு, 1882-இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் பொது மின்சார நிலையங்கள் ஏற்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் அந்த நிலையங்கள் விளக்குக்காக ஏற்பட்டவை. மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே சமயத்தில் விளக்கு எரியும், யந்திரங்கள் திணறும். பகல் முழுவதும் அதே யந்திரங்கள் சும்மா நிற்கும். போட்ட முதலுக்கு வட்டி மட்டும் பகலிலும் ஏறிக்கொண்டே இருக்கும்! ஆகையால் பகலில் மின்சாரம் செலவழிக்கும்படி ஜனங்களுக்கு ஏதாவது ஒரு வழி காட்டவேண்டியிருந்தது. சமையலும் வெந்நீரும் அகப்பட்டன. இல்லத்தரசிகளின் கஷ்டத்தைக் கண்டு இரங்கித்தான் கம்பெனிகள் மின்சாரக் கெட்டிலைக் கொண்டுவந்தன என்று யாராவது சொன்னால் பாதியைத்தான் நம்பவேண்டும்.

இந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் கர்னல் கிராம்ப்டன் என்பவர். நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாலிபத்தில் அவர் ராணுவ உத்தியோகஸ்தராக இந்தியாவில் சுமார் பத்து வருஷம் இருந்தவர். தண்டவாளம் இல்லாத சாலையிலேயே நீராவி யந்திரத்தைக் கொண்டு வண்டித் தொடரை இழுக்க முடியுமா என்று இங்கே பரீட்சை செய்து பார்த்தார். அந்த யந்திரங்களுக்குப் பஞ்சாப் நதிகளின் பெயரால் ராவி, சீனாப் என்று பெயரிட்டிருந்தார்கள். பிறகு சீமைக்குத் திரும்பி, 1878-இல் செம்ஸ்போர்டு என்ற ஊரில் மின்சாரச் சாமான் தொழிலை ஆரம்பித்தார். தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து 1940-இல் காலமானார்.

1892-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில் அவருடைய கம்பெனியார் மின்சாரத்தால் சூடாகும் பாத்திரங்களை வைத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் கார்ப்பெண்டர் என்பவரும் இந்த வேலையில் இறங்கியிருந்தார். 1893-இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் முழுதும் மின்சாரத்தால் நடக்கும் சமையலறை ஒன்றையே ஜனங்கள் பார்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கெட்டிலை இன்று ஒருவர் கையில் கொடுத்தால் சிரிப்பார். பார்வைக்குச் சாதாரணக் கெட்டில்தான். அடியிலே மட்டும் இன்னொரு தட்டு. அந்தத் தட்டில் கம்பியை மடித்து மடித்துப் பதித்து, மேலே எனாமல் பூசியிருப்பார்கள். தண்ணீர் மேல் மாடியில். கம்பி கீழ் மாடியில். கம்பியில் பிறந்த சூடு எனாமலைக் கடந்து, இரும்பைக் கடந்து, அப்புறம் தண்ணீருக்குப் போகவேண்டும். போகிற வழியில் ஒரு பங்கு கீழே மேஜைக்கும் பக்கத்திலுள்ள காற்றுக்கும் தானமாகிவிடும். இதற்கிடையில் எனாமல் ஒரு விதமாக விரியும், இரும்பு ஒரு விதமாக விரியும், கம்பி இன்னொரு விதமாக விரியும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எனாமல் வெடிக்கும். வெடித்த இடத்தில் கம்பி காற்றுப் பட்டுக் கருகி அறும். கூட்டுக் குடும்பத்துக் கதைதான்!

ஜூல் தண்ணீருக்குள்ளேயே வைத்த கம்பியை இவர்கள் ஏன் வெளியே எடுத்தார்கள்? பயந்துதான். ஜூலின் மின்கலங்களில் இருந்தது சில வோல்ட்டு அழுத்தம். வீட்டுக்கு வந்த மின்சாரத்திலோ நூறு வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தது. அது குடிக்கிற தண்ணீரோடு உறவாடுவதை யாரும் விரும்பவில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

கம்பியே ஒரு பெரிய தலைவலி. இரும்புக் கம்பி பழுத்தால் சீக்கிரம் துருவாகி உதிர்ந்துவிடும். பிளாட்டினம் உதிராது; ஆனால் விலை? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர். நிக்கலையும் குரோமியத்தையும் ஏறக்குறைய எண்பதுக்கு இருபது என்ற விகிதத்தில் உருக்கிக் கலந்து அவர் ஒரு உலோகம் செய்தார். 1906-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நிக்ரோம் என்று நாம் சொல்லும் கம்பி அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. செக்கச் சிவக்கக் காய்ச்சினாலும் அதன்மேல் குரோமியம் ஆக்ஸைடு மெல்லிய போர்வையாகப் படிந்து, உள்ளே காற்றுப் புகாமல் காக்கிறது. இரும்புத் துரு உதிரும். இந்தப் போர்வை ஒட்டிக்கொண்டே இருக்கும். இன்று வீட்டில் மின்சாரத்தால் சூடாகிற சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இதுவும் இதன் உறவினங்களுமே.

அதன் பிறகு சாமான்கள் மளமளவென்று பெருகின. குழந்தைக்குப் பால் வெதுவெதுப்பாக்கும் பாத்திரம், வைத்தியர்கள் கத்தி ஊசிகளைக் கொதிக்கவைக்கும் தொட்டி, காப்பி இறக்கும் பாத்திரம் இப்படிப் பல. எனக்கு மிகவும் பிடித்தது தச்சர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் உபயோகித்த மின்சார வஜ்ஜிரப் பசைக் கலயம். பசை கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. மரத்தூளும் காகிதமும் நிறைந்த பட்டறையில் தீயும் கூடாது. மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு ஏது? 1909-இல் ஜெர்மனியில் பெஹ்ரென்ஸ் என்ற கட்டடக் கலைஞர் ஆ.எ.கே. கம்பெனிக்காகக் கெட்டில்களுக்கு உருவம் அமைத்தார். சில வடிவங்கள், சில உலோகங்கள், சில மெருகுகள் என்று வைத்துக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றிச் சேர்த்துப் பல தினுசுகள் செய்தார்கள். அழகிலே குறையில்லை.

கம்பி மறுபடியும் தண்ணீருக்குள் நுழைந்தது 1922-இல். பர்மிங்ஹாமில் பல்பிட் கம்பெனியைச் சேர்ந்த லெஸ்லி லார்ஜ் என்பவர் கம்பியை ஓர் உலோகக் குழாய்க்குள் அடைத்து, அந்தக் குழாயையே கெட்டில் தண்ணீரில் முழுகவிட்டார். இப்போது சூடு போவதற்குத் தண்ணீரைத் தவிர வேறு இடமில்லை! கெட்டில் கொதிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய ராடில் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீஷியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைத் தடுக்கிற பொருள்களில் பல சூட்டையும் தடுத்துவிடும். இந்தப் பொடியோ மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சூட்டுக்கு மட்டும் வழி விடுகிறது. ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. குழாயில் வெடிப்பு விழுந்து பொடி நனைந்தால் அதன் காவல் போயிற்று. எங்கள் வாளியில் நடந்தது இதுதான்.

செலவையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு யூனிட் மின்சாரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு போதும். 500 வாட் கெட்டிலில் பத்தரை நிமிஷம். பதினைந்து லிட்டர் வாளியை 25-லிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்கக் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். 1500 வாட் ராடில் அதே பத்தரை நிமிஷம். வழியில் சூடு வீணாவதை நான் சேர்க்கவில்லை. கிணற்று நீர் உப்பாக இருந்தால் குழாயின்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்து, நேரமும் கூடும், குழாயும் உள்ளே அதிகமாகக் காய்ந்து கெடும். எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்தால் பொருக்குக் கரையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்!

கடைசியாக அந்த மூன்றாவது முனை. ராடின் வெளிக் குழாயையும் பூமியையும் இணைப்பதுதான் அதன் வேலை. உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் நம் உடம்பின் வழியே தரைக்குப் போவதற்குப் பதிலாக அந்தக் கம்பியின் வழியே போகும். கசிவு பெரிதானால் பியூஸும் அறுந்துவிடும். நான் இப்போது சுவரில் மூன்று துளைப் பெட்டி போட்டு, பூமிக் கம்பியையும் சரியாக இணைக்கச் செய்திருக்கிறேன். முப்பது மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை ஒன்றையும் மாட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் வாளி வாங்கியாயிற்று. ஆனால் வாளி எதுவானாலும் பொத்தானை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

என் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜூலுக்கு ஷாக் அடிக்கவில்லையா?" என்றாள். சில வோல்ட்டில் அடிக்காது என்றேன். அவள் அதை நம்பவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிறிய மின்கலமும், ஒரு முழ நிக்ரோம் கம்பியும், வெப்பமானியும் கொண்டுவந்து, டம்ளர் தண்ணீரில் வைத்துக் காட்டினேன். கால் மணி நேரத்தில் பாதரசம் இரண்டு டிகிரி ஏறிற்று. அவள் வெகு நேரம் யோசித்துவிட்டு, ஒரு விரலை மட்டும் மெதுவாக உள்ளே விட்டாள்.