ஒற்றை அடிக்கு என்ன கூலி?

மார்கழி கடைசி வாரத்தில் பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் போகி மேளங்கள் குவிந்துவிடும். ஒரு வளையம், அதன்மேல் இழுத்து ஒட்டிய மெல்லிய தோல், கூடவே ஒரு குச்சி. விடியற்காலைப் பனியில் அடித்தால் ‘தொப்’பென்று விழும். பழைய பாய் எரிகிற நெருப்பில் நாலு தடவை காட்டி எடுத்தால் ‘டங்’கென்று எழும். தோல் வாத்தியத்தின் முதல் பாடம் சென்னைப் பிள்ளைகளுக்கு அந்த நெருப்பு ஓரத்தில்தான் கிடைக்கிறது.

சினிமாவுக்கும் நடனத்துக்கும் கையால் செய்த வாத்தியங்களில் இசையமைப்பது பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் குழு தலைப்பு கொடுத்தபோது, அவர்கள் மனதில் பி.வி.சி. குழாயும் பெயின்ட் டப்பாவும் இருந்திருக்கும். படம் போட நன்றாக இருக்கும். அதற்கும் ஒரு பரம்பரை உண்டு. 1975-ல் ‘ஷோலே’ படத்தின் ‘மெஹபூபா’ பாட்டுக்காக ஆர்.டி.பர்மன் குழுவினர் பாட்டிலில் பாதி திரவம் நிரப்பி அதன் வாயில் ஊதினார்கள். அமெரிக்காவில் ஹாரி பார்ட்ச் இன்னும் ஒரு படி மேலே போனார். பியானோவின் 12 சுரம் போதாது என்று 43 சுரம் பிரித்தார். அதை வாசிக்கக் கடையில் வாத்தியம் கிடைக்காததால் தானே செய்துகொண்டார். அணு ஆய்வுக்கூடம் கழித்துப்போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்து, வரிசையாகத் தொங்கவிட்டு அடித்தார். 1957-ல் ‘தி பிவிட்ச்ட்’ என்ற நடன நாடகம், அடுத்த ஆண்டு ‘விண்ட்சாங்’ என்ற படம் என்று இரண்டுக்குமே அந்த வாத்தியங்களில்தான் இசை.

பார்ட்ச்சின் வாத்தியங்களைப் பல்கலைக்கழகங்கள் பாதுகாத்து வந்திருக்கின்றன. வேப்பங்கட்டையை அறுத்துப் பறை கட்டுகிறவரை நாம் சாவுக்குக் கூப்பிடுகிறோம்.

பறை கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஆய்வுக்கூட வேலைக்குக் குறைந்ததில்லை என்பது புரியும். வட்டத்தை மூன்று வில்லாகப் பிரித்துக் கட்டையை அறுக்கிறார்கள். மூன்றையும் சேர்த்து இரும்புத் தகடு அடித்தால் சட்டகம் தயார், விட்டம் சுமார் 35 செ.மீ. ஊறிய கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டி, வெயிலில் வைத்துவிடுவார்கள். காயக் காயத் தோல் தானாகவே இறுகும். அடிக்க இரண்டு குச்சி: பூவரசில் செதுக்கிய தடித்த அடிக்குச்சி, மூங்கிலில் சீவிய மெல்லிய சிண்டுக்குச்சி. அடிக்குச்சி நடுவில் இறங்கும்போது வயிற்றில் கேட்கும். சிண்டு காதில் சுள்ளென்று விழும்.

இதில் நம் பகுதிக்கு ஒரு வேடிக்கை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் ஆலையால்தான். நாகல்கேணிப் பக்கம் தோல் ஷாப்புகளின் வாசனை தெரியாதவர் இங்கே கிடையாது. ஆனால் அங்கே பதனிட்ட தோல் பறைக்கு உதவாது. குரோம் உப்பு குடித்த தோல் செருப்புக்கும் கைப்பைக்கும் மெத்தென்று வளையும், அடித்தால் ஊமை. பறைக்குப் பதனிடாத பச்சைத் தோல் வேண்டும். அது மழைக்காலத்தில் தொய்யும், நெருப்பில் காய்ச்சினால் விறைக்கும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று இப்போது பல செட்டுகள் இரும்பு வளையத்தில் ஃபைபர் மாட்டி, போல்ட்டை முடுக்கி அடிக்கின்றன. ஐப்பசியிலும் தொழில் நடக்கவேண்டுமே.

ஃபைபராவது ஆளை வைத்து அடிக்கிற வாத்தியம். என் கவலை, ஆளே இல்லாமல் ஒலிக்கிற பறையைப் பற்றி. தாம்பரம் – பீச் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இந்தப் பக்கத்தில் பறை வாசிப்பவருக்குக் கோடம்பாக்கம் ஸ்டூடியோவுக்குப் போக இன்றைக்கும் அதே லைன்தான். வாத்தியத்தை உறையில் கட்டி, கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால், எல்லா நாளும் பாட்டுக்கு வாசிக்கச் சொல்வதில்லை. சில நாள் ஒற்றை ஒற்றையாக அடிக்கச் சொல்கிறார்கள். மெதுவாக ஒன்று, கொஞ்சம் அழுத்தி ஒன்று, ஓங்கி ஒன்று. நடுவில், ஓரத்தில், சிண்டு மட்டும், இரண்டும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் ஒலி அடங்கும் வரை அசையாமல் நிற்கவேண்டும். மாலையில் ஒரு கால்ஷீட் பணம் கைக்கு வரும். அதன்பிறகு அந்த அடிகள் கீபோர்டின் கட்டைகளுக்குள் உட்கார்ந்துவிடும். சாம்பிள் என்பார்கள். பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு படத்தில் நாயகன் நடந்து வரும்போது முழங்குகிற பறை அவர் அன்றைக்கு அடித்ததாக இருக்கலாம். அவருக்கே தெரியாது.

2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்கும் ராயல்டி உரிமை கொடுத்தது உண்மைதான். ஒற்றை அடிக்கு யார் கணக்கு வைப்பது? வயலினும் புல்லாங்குழலும் இதே கதைக்குள் எப்போதோ வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். வயலினைச் செய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர், வாசித்தவர் ஒருவர். பறையில் பெரும்பாலும் கட்டையைத் தேர்ந்தவரும் தோலை ஒட்டியவரும் காய்ச்சியவரும் அடித்தவரும் ஒரே ஆள், இல்லையென்றால் ஒரே குடும்பம். அந்த நாதத்தையே உருவாக்கியவரை ஒரு நாள் கூலியோடு அனுப்பிவிடுகிறோம். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்து யோசித்தால் கூலி ஏன் அவ்வளவு என்பது விளங்கும். கையில் லேப்டாப் மட்டும் வைத்திருக்கிற ஏழைப் பையன் இசையமைப்பாளராக சாம்பிள்தான் வழி என்று வாதிடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும்.

நல்லதும் நடக்காமலில்லை. 2012-ல் ‘அட்டகத்தி’ படம் வந்தபோது சென்னைச் சாவு ஊர்வலத்தின் கானா தியேட்டருக்குள் நிமிர்ந்து நின்றது. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியபோது சட்டியும் கட்டையும் பறையும் கிடாருக்குப் பக்கத்தில் சமமாக நின்றன. 2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. விருது சாம்பிளுக்கு வராது, ஆளுக்குத்தான் வரும். அதுவரை சந்தோஷம்.

பறையின் அடி வகைகளில் ஒன்றுக்குச் ‘சினிமா அடி’ என்றே பெயர். பறைக் கலைஞர்கள் திரையிலிருந்து எடுத்து ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டபோது யாரும் யாருடைய வயிற்றிலும் அடிக்கவில்லை. ஏனென்றால் அதையும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் நின்று வாசிக்கவேண்டும். பறையாட்டத்தில் அடிப்பவரே ஆடுபவர். தோளில் தொங்கும் வாத்தியத்தோடு கால் மாறும்போது காலம் இம்மி பிசகும், வட்டம் சுருங்கும்போது வேகம் கூடும். ஸ்டூடியோவில் தாளம் காட்டும் ‘க்ளிக்’ அப்படி நெளியாது. பள்ளி ஆண்டு விழாவில் பென்டிரைவிலிருந்து ஒலிக்கிற பறைக்குப் பிள்ளைகள் ஆடுவதைப் பாருங்கள், நாலு நிமிஷமும் ஒரே வேகம்.

‘மருள் அடி’ என்று இன்னொன்று உண்டு, சாமி வருகிறவருக்கு அடிப்பது. வாசிப்பவரின் கண் அந்த ஆளின் தோளிலும் கழுத்திலும் இருக்கும். உடம்பு குலுங்கத் தொடங்குகிற கணத்தில் அடியை நெருக்கவேண்டும், தளர்ந்தால் இழுத்துப் பிடிக்கவேண்டும். முன்னாலேயே பதிந்து வைத்த எந்த அடிக்கும் இது தெரியாது. ஆடி மாசம் அம்மன் கோயில்களில் பாட்டுக்கு சவுண்ட் சர்வீஸ் வந்து பல காலமாகிறது. கூழ் ஊற்றுகிற அன்றைக்கு மட்டும் பம்பை, உடுக்கை, பறைக்கு இன்னும் ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆடி பிறப்பதற்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்து.