கலப்பதற்கு முன் பிரித்து வை

கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து, 1904-இல் ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோக முனை, ஏறக்குறைய அவ்வளவுதான். ரேடியோ அலையோ, அகச்சிவப்போ, சாதாரண வெளிச்சமோ, எது பட்டாலும் அதில் மின்னோட்டம் மாறும். ஆனால் பட்டது எதுவென்று அது சொல்லாது. இருட்டில் வீடியோ எடுப்பவர்களின் சிக்கலும் இதுவே: கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடிப்பது எளிது, பிடித்ததைத் தனியே வைப்பதுதான் கடினம்.

கேமராவின் சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை உணரும். நம் பார்வையோ 700-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு கலந்தால் நிறம் கெடும் என்பதால் பகலில் ஒரு வடிகட்டி அதைத் தடுக்கிறது. தெருமுனைக் கண்காணிப்புக் கேமரா இரவில் அந்த வடிகட்டியை விலக்கி, தன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்கிறது. படம் தெளிவுதான், ஆனால் கறுப்பு வெள்ளை. சில கறுப்புச் சட்டைகள் அதில் வெளுத்துத் தெரியும். ஓடியவன் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் பதில் இல்லை. கைபேசியின் இரவுப் படம் நிறத்தோடு நன்றாக வருகிறதே என்கிறீர்களா? அது பல நொடிகளின் ஒளியைச் சேர்த்துக் கட்டிய படம். விநாடிக்கு 25 படம் வேண்டிய வீடியோவில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 40 மில்லிவிநாடிதான். அதற்குள் வரும் சொற்ப ஒளியில் நிறம் மணல் தூவியதுபோல் பொரிந்துவிடும்.

ஆகவே அகச்சிவப்பு, நிறம் இரண்டையும் தனித்தனியே பதிந்து, பிறகு கணக்கால் சேர்க்கிறார்கள். 2007-இல் பென்னெட், மேசன், மக்மில்லன் ஆகியோர் வெளியிட்ட முறை இதற்கு நல்ல உதாரணம். பொருளின் விளிம்பு எங்கே என்பதை அகச்சிவப்பு சொல்லும். அந்த விளிம்பைத் தாண்டாமல் நிறப் பதிவின் மணல்போன்ற புள்ளிகள் தேய்க்கப்படும். அப்படியானால் படம் ஜோடனைதானே என்ற ஆட்சேபம் நியாயமானது. சில மைகளில் அச்சிட்ட எழுத்து அகச்சிவப்பில் மறைந்தே போகும். அங்கே விளிம்பு இல்லை என்று நம்பும் மென்பொருள் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். எனவே கலந்த படம் பார்ப்பதற்கு. சாட்சியத்துக்கு மூலப் பதிவுகள் இரண்டும் வேண்டும். விளக்கே தேவைப்படாத வெப்பக் கேமராவை வைத்தால் போதாதா? அது உணரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிரைக் கார் கண்ணாடி தடுத்துவிடும். சுவரே உடல் சூட்டை நெருங்கும் கொல்கத்தாவின் மே மாத இரவில் ஆளுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடும் குறைந்துபோகும்.