விரார் லோக்கலில் ஒரு க்ரோவேஷியா

மாப்பிள்ளைக்கு க்ரோவேஷியா வேண்டுமாம். அதிலும் துப்ரோவ்னிக். ஏட்ரியாடிக் கடலுக்குள் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் கோட்டைச் சுவர், சிவப்பு ஓட்டுக் கூரைகள், வழுவழுவென்று தேய்ந்த கல் தெரு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் தலைநகராக வந்த ஊர். ஷாருக் கானின் 'ஃபேன்' (2016) படத்தில் ஓடிப்பிடிக்கும் காட்சி எடுத்த ஊர். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் போட்டோ ஷூட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது, என் அக்கா மாதுங்கா வீட்டு அடுக்களையில் வெங்காய சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"கோட்டை, கடல், பழைய சர்ச். அவ்வளவுதானே? வசாய் போங்கோ. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கோங்கோ."

செம்பூரிலிருந்து நானும் ஒட்டிக்கொண்டேன். சித்தி என்ற முறையில் எனக்குக் கிடைத்த பதவி ஊக்கு இலாகா. இடுப்பில் ஒரு பை, அதில் நாற்பது சேஃப்டி பின், கர்ச்சீப், ஓடோமாஸ், உதட்டுச் சாயம். இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஃபிரேமுக்கு வெளியே யார் யார் ஒளிந்துகொண்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. இப்போது ஒளியப்போவதே நான்! முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடியற்காலை தாதரில் கூடினோம். பெண், மாப்பிள்ளை, கேமராத் தம்பி, அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேர், அப்புறம் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து டெய்லர் அண்ணாச்சி. வாடகைக்கு எடுத்த கவுன், பீட்ரூட் நிறம், பின்னால் பன்னிரண்டு அடி வால். இடுப்பு மட்டும் இரண்டு சுற்றுப் பெரிசு. வாடகைத் துணியை வெட்டக் கூடாது என்பதால் அண்ணாச்சி சும்மா நூலோட்டிப் பிடித்திருந்தார். "பாப்பா பலமா மூச்சு விட்டுச்சுன்னா பிரிஞ்சிரும்லா. அதான் நானே வாரேன்" என்று ஊசி டப்பாவோடு ஏறிவிட்டார்.

அந்த நேரத்தில் மும்பை முழுக்கத் தெற்கே பாய்கிறது. நாங்கள் வடக்கே போனதால் விரார் லோக்கலில் கால் நீட்ட இடம் இருந்தது. விரார் லோக்கலில் கால் நீட்டி உட்கார்ந்தேன் என்று ஊரில் சொன்னால் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பயந்தர் தாண்டியதும் பாலம், கீழே அகன்ற வசாய் கழி, இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. வசாய் ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கவுனுக்குத் தனி ஆட்டோ, துணைக்கு அண்ணாச்சி.

கோட்டை என்றதும் நான் சினிமா செட் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துவிட்டேன். இது சுமார் 110 ஏக்கர் பரப்பில் ஒரு முழு ஊர். கூரை மட்டும் இல்லை. குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1534-ல் வசாயைப் போர்த்துகீசியருக்கு எழுதிக்கொடுத்தார். ஹுமாயூன் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தான், அவருக்கு வேறு வழியில்லை. அடுத்த 200 ஆண்டுகளுக்கு இது அவர்களுடைய வடக்கு மாகாணத்தின் தலைநகரம். அப்போது மும்பை வசாயின் கொல்லைப்புறம்! 1661-ல் போர்த்துகல் இளவரசி காதரீனின் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குப் போனது அந்தக் கொல்லைப்புறம்தான். இதை ஆட்டோவில் சொன்னபோது, மாதுங்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டது.

வாசலில் காவலாளி. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கேமராத் தம்பி கடிதத்துக்கு மூன்று நகல் எடுத்து வந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ட்ரோன் கிடையாது, புகைக்குண்டு கிடையாது, சுவரில் ஏறக் கூடாது. காவலாளி மராத்தியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளையின் துப்ரோவ்னிக் ஒவ்வொரு செங்கல்லாக இடிந்தது.

உடை மாற்ற அறை? இடிந்த மடத்தின் ஒரு மூலை, இரண்டு படுக்கை விரிப்பு, நான்கு மூலைக்கு நான்கு பேர். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டு ஊக்கு நீட்டினேன். மூன்றாவது ஊக்கு சுவரிடுக்கில் இருந்த ஓணானுக்குப் போயிற்று. உள்ளேயிருந்து வந்த அலறலில் அண்ணாச்சியின் நூல் பட்டென்று விட்டது. "சொன்னேன்லா!" என்று ஊசியோடு ஓடினார்.

முதல் இடம், செயின்ட் ஜோசஃப் தேவாலயம். உயரமான கோபுரம், விரிசல்களில் ஆல் வேர், மேலே திறந்த வானம். அந்த வால் காற்றில் பறக்கிற படம் இருக்கிறதே, அதன் ரகசியத்தை இங்கேதான் கண்டுபிடித்தேன். காற்றே கிடையாது! உதவியாளர் ஒருவர் தரையில் குந்தி, கவுனின் வாலை இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். "ஏக், தோ, தீன், ஃபேங்க்!" என்றதும் வலை வீசுகிற மாதிரி அதை விசிறிவிட்டு, அடுத்த அரை நொடியில் தூணுக்குப் பின்னால் பாய்கிறார். துணி மேலே எழும்பி மிதக்கிற அந்த ஒரு கணத்துக்குள் பெண் வானத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பதினான்கு தடவை வீசினார்கள். இரண்டில் அவருடைய கால் தெரிந்தது. ஒன்றில் வால் மாப்பிள்ளையின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் நான் வாயைப் பிளந்தபடி மூலையில் நிற்கிறேன். எனக்குப் பிடித்தது அந்தப் படம்தான், தர மாட்டேன் என்கிறார்கள்.

ஃபிரான்சிஸ்கன் சபையாரின் தேவாலயத்தில் ஒரு சின்னத் தகராறு. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், போர்த்துகீசிய எழுத்து, குலச் சின்னம். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு ஜோடி அதன் மேலேயே படுத்துக்கொண்டு இதயம் போல் கை கோத்துக்கொண்டிருந்தது. கீழேயும் ஒருத்தர் படுத்திருக்கிறார் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் பெண்ணை நான் அங்கே நிற்க விடவில்லை. "சித்தி, லைட் போயிடும்!" "போகட்டும்." போட்டோவில் வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான். பரவாயில்லை.

இந்த இடைவேளையில் மாப்பிள்ளைக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். ஏட்ரியாடிக்காரர் ஒருவர் இங்கே வந்திருக்கிறார் தம்பி! வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சி, 1563-ல் கிளம்பி 18 வருஷம் கீழை நாடுகளைச் சுற்றியவர். விஜயநகரத்தின் இடிபாட்டைப் பார்த்தார், நம் சாந்தோமுக்குப் போய் அலையில் துள்ளும் தைத்த படகுகளைக் கண்டு அசந்தார். வசாயைப் பற்றியும் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "என்ன எழுதினார்?" தமனோடு ஒப்பிட்டால் இது அழுக்கான ஊர் என்று எழுதினார். ஆறுதல் அவ்வளவு எடுபடவில்லை.

சினிமாவுக்கு மட்டும் இந்த அழுக்கு எப்போதும் பிடித்திருந்தது. 'ஜோஷ்' (2000) கதை நடப்பது கோவாவில், அதற்கு வசாயும் கோவாவாக நடித்துக் கொடுத்தது. கோல்ட்ப்ளே இசைக்குழு 2015-ல் வந்து 'ஹிம் ஃபார் த வீக்கெண்ட்' பாட்டை எடுத்துக்கொண்டு போனது. கேமராத் தம்பி ஒவ்வொரு வளைவையும் ஏதோ ஒரு பாட்டின் பெயரால்தான் அழைக்கிறார். எந்தத் தேவாலயம் என்று கேட்டால் தெரியாது, எந்த நடிகை என்று கேட்டால் தெரியும்.

மணிக்கூண்டு இருக்கிறது, மணி எங்கே என்று பெண் கேட்டாள். நல்ல கேள்வி. 1739-ல் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, மே மாதம் கோட்டையைப் பிடித்தார். சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்த சண்டை அது. சரணடைந்தவர்களை மரியாதையோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். மணிகளை மட்டும் விடவில்லை! வெற்றிச் சின்னமாக இறக்கி எடுத்துப்போய் மராட்டியக் கோவில்களில் கட்டிவிட்டார்கள். நாசிக்கின் நாரோசங்கர் கோவிலில் ஒன்று, ஜோதிர்லிங்கமான பீமாசங்கரில் ஒன்று, வாய் ஊருக்குப் பக்கத்தில் மேணவலியின் படித்துறைக் கோவிலில் ஒன்று. மேணவலி மணியில் மாதா குழந்தை ஏசுவைக் கையில் ஏந்தியிருக்கிறாள். அதை அடித்துவிட்டுத்தான் ஊர்க்காரர்கள் சாமி கும்பிடுகிறார்கள்.

சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே தலை சுற்றியது. மேணவலியில் எடுத்த படம் எது? 'ஸ்வதேஸ்' (2004). கதாநாயகன்? ஷாருக் கான். மணி கழற்றிய இடத்தில் 'ஜோஷ்', மணி கட்டிய இடத்தில் 'ஸ்வதேஸ்', மாப்பிள்ளை கேட்ட இடத்தில் 'ஃபேன்'. மூன்றையும் ஒரே மனுஷன் முடித்துவிட்டார்! நான் கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. கேமராத் தம்பி நன்றி சொன்னார். அன்றைய தினத்தின் சிறந்த படம் அந்தப் புறாக்களால் வந்ததுதான்.

அண்ணாச்சிக்கு இதில் எதுவும் சுவைப்படவில்லை. அவர் நின்றது வேறிடம். "ஏ, பனைல்லா நிக்கி!" கோட்டைக்குள் அங்கங்கே பனைமரங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சின்ன வயதில் தாராவிக்கு வந்தவர், ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்து, இது ஆண், இது பெண் என்று எண்ணினார். எனக்கு ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. வெனிஸ் அரசு அடித்த தங்கக் காசு, 'செக்கினோ', வணிகத்தில் தென்கோடி வரை வந்து குவிந்தது. ஒரு பக்கத்தில் புனித மாற்குவின் முன்னால் நகரத் தலைவர் முழந்தாளிட்டு, இருவருக்கும் நடுவே ஒரு கொடிக்கம்பம். நம் ஊர்க்கண்ணுக்கு அந்தக் கம்பம் பனைமரமாகவும், முழந்தாளிட்டவர் பனையேறப் போகிறவராகவும் தெரிந்தது. சாணார் காசு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"அதா? எங்க ஆச்சி கழுத்துல கெடந்துச்சே!" என்றார் அண்ணாச்சி. கையில் பிடித்திருந்த கவுனின் ஓரத்தைக் காட்டி நான் மிச்சத்தையும் சொன்னேன். இதில் பளபளக்கிறதே சமிக்கி, இதற்கு ஆங்கிலத்தில் சீக்வின் என்று பேர். அந்தச் சொல்லே செக்கினோவிலிருந்து வந்ததுதான். அவர் ஒரு சமிக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக இதைத் தைக்கிறாராம். "அப்போ இது பூராம் காசா?" என்று கேட்டுவிட்டு, வாலைத் தரையில் புரள விடாமல் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு உதவியாளர் 'ஃபேங்க்' என்று கத்தும்போதெல்லாம் அண்ணாச்சி முகம் சுளித்தார்.

வெயில் ஏறியதும் கடல்வாசல். இரும்புத் தகடும் முள்ளும் அறைந்த பெரிய கதவுகள். அதைத் தாண்டினால் பாட்டு, சரித்திரம் எல்லாம் ஓய்ந்து கோலி மீனவர் துறை ஆரம்பிக்கிறது. கொடி கட்டிய படகுகள், வலை செப்பனிடும் பெரியவர்கள், மூங்கில் கொடிகளில் துணி மாதிரி வரிசையாகத் தொங்கும் பொம்பில் மீன். வாய்க்குள் வாய் கோத்து இரண்டிரண்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மூக்கைப் பிடித்தார். பெண் அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தாள். பீட்ரூட் கவுனும் வெள்ளிக் கருவாடும்: பார்க்க அப்படி ஒரு அழகு! இதற்குத் துப்ரோவ்னிக்கில் எங்கே போவது? எதிரே 2024-ல் தொடங்கிய ரோ-ரோ படகு பைக்குகளை ஏற்றிக்கொண்டு பயந்தருக்குப் புறப்பட்டது.

கழிக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்த மேட்டைக் காட்டி, அந்தப் பக்கத்துக்குப் பேர் என்ன தெரியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். தாராவி! உத்தன், டோங்கரி பக்கம் இருக்கும் பழைய தாராவித் தீவு. அங்கேயும் ஒரு சின்னக் கோட்டை இருந்தது, வசாய்க்கு முன்னால் மராத்தியர் அதைத்தான் பிடித்தார்கள். அண்ணாச்சி கையைப் புருவத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அங்கயும் நம்மாளுக இருப்பாவளோ?"

படித்துறையில் உட்கார்ந்து மாதுங்காவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிளகாய்ப்பொடி இட்லியைப் பிரித்தோம். கவுனில் எண்ணெய் பட்டுவிடுமே என்று பெண்ணுக்கு நானே ஊட்டினேன். இதைக் கேமராத் தம்பி எடுக்கவில்லை. மெமரி கார்டு நிறைந்துவிட்டதாம்.

திரும்பும்போது லோக்கலில் நெரிசல். கவுன் பை மேல்தட்டில் ஒரு மீன் கூடைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. நாளைக்குக் கடையில் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று நான் கலங்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "சித்தி, இது அப்படியே க்ரோவேஷியா!" என்றார். அவர் காட்டியது கருவாட்டுக் கொடிப் படம்.

போரிவலியில் ஒரு ஓரமாக இடம் கிடைத்ததும் அண்ணாச்சி பையைக் கீழே இறக்கி, வாலின் விளிம்பை மடியில் போட்டு விரலால் நீவிக்கொண்டே வந்தார். அந்தேரி, பாந்த்ரா எல்லாம் போயிற்று. தாதர் வரும்போது நிமிர்ந்தார்.

"பதினேழு காசு உதிர்ந்துட்டும்மா."