கெரேன் அம்மாளின் பள்ளிக்கூடம்

சென்ற வாரக் கட்டுரையில் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சும் எழுத்தும் கற்பிக்கும் முறைகளைக் குறித்துச் சற்று விரிவாகவே பேசினோம். புத்தி வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கும் கிரமமான கல்வி அளிக்க முடியுமா என்ற கேள்வி உலகறியச் சோதிக்கப்பட்டதும் பாரிஸ் நகரத்துக் காது கேளாதோர் பள்ளியில்தான் ஆகையால், இவ்வாரம் அப்பள்ளியின் வாசலைவிட்டு நகராமல் இன்னும் சற்று நேரம் நிற்பது பொருத்தமாகும்.

1800-ஆம் ஆண்டில், தென் பிரான்சில் அவேரோன் என்னும் பகுதியில், உடையின்றியும் பேச்சின்றியும் தன்னந்தனியனாய்க் காட்டில் திரிந்துகொண்டிருந்த, 12 வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மனிதர் கையில் அகப்பட்டான். மனநோய் வைத்தியத்தில் அக்காலத்தில் பெரும் கீர்த்தி பெற்றிருந்த பினெல் என்பவர் அவனைப் பரிசோதித்துவிட்டு, இவன் புத்தி குன்றியவன், இவனிடம் எந்தப் பிரயத்தனமும் பலிக்காது என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டார். அவன் கொண்டுவரப்பட்ட பாரிஸ் பள்ளியின் வைத்தியராக அப்போதுதான் நியமனம் பெற்ற இத்தார் என்னும் இளைஞர் மட்டும், மனித சகவாசம் இல்லாமையே அவன் குறைக்குக் காரணம் என்று நம்பி, விக்டர் என்று பெயரிட்டு, அவனுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். நாளெல்லாம் அவனுக்கு அருகிலிருந்து உணவளித்து, குளிப்பாட்டி, உலாவ அழைத்துச் செல்லும் வேலை, அரசாங்கச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட கெரேன் என்னும் அம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தார் கையாண்ட உபாயங்களுள் ஒன்று, உலோகத்தில் வெட்டிய எழுத்துக்களைக் கொண்டு சொற்களை அடுக்கச் செய்வது. பால் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லில் நான்கு எழுத்துக்கள். அவற்றை வரிசையாக அடுக்கினால் பால் கிடைக்கும் என்று பல நாள் பயிற்சிக்குப் பின் சிறுவன் அறிந்துகொண்டான். பிறகு ஒருநாள், வழக்கமாகத் தனக்குப் பால் தரும் ஒரு வீட்டுக்கு உலாவப் புறப்பட்டவன், எவரும் சொல்லாமலே அந்த நான்கு எழுத்துக்களையும் பையில் எடுத்துச் சென்று, அங்கிருந்த மேஜையின்மீது அவற்றை முறைப்படி அடுக்கிக் காட்டினான். பாடம் வகுப்பறையைவிட்டு வெளியேறி, பசியும் உறவும் உள்ள இடத்துக்குச் சென்று சேர்ந்த அந்தக் கணத்தை, மேதைகள் எழுதிய கல்விச் சாஸ்திர நூல்கள் பலவற்றைக் காட்டிலும் உயர்வாக நான் மதிக்கிறேன்.

இன்னொரு சம்பவமும் இத்தாரின் அறிக்கையிலேயே இருக்கிறது. உணவு மேஜையில் ஒவ்வொருவருக்கும் தட்டு வைப்பது விக்டருக்குப் பழக்கமாகியிருந்தது. கெரேன் அம்மாளின் கணவர் காலமான பிறகு, அவன் வழக்கம்போல் அவருக்கும் தட்டு வைத்தான். அதைக் கண்டு அந்த அம்மாள் கண்ணீர் வடிக்கவே, தன் செய்கைதான் அவளை வருத்தியது என்று உணர்ந்து, தட்டை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, பின்னர் ஒருபோதும் அதை மேஜைக்குக் கொண்டுவரவில்லை.

இவ்வளவும் கண்ட இத்தார், தம் முயற்சி பெருமளவில் தோற்றது என்றே கருதினார். ஐந்தாண்டுக் காலம் பாடுபட்டும் சிறுவனுக்குப் பேச்சு வரவில்லை; பேச்சையே அவர் பரீட்சையாக வைத்திருந்தார். பரீட்சையை மாற்றி வைத்திருந்தால் முடிவும் மாறியிருக்கும். பிறர் துயரத்தை முகத்தில் படித்து, தன் வழக்கத்தைத் திருத்திக்கொண்ட பையனைப் புத்தி குன்றியவன் என்று எந்த அளவுகோல் சொல்லும்? இத்தாரின் பாடங்கள் நின்ற பின்னரும் கெரேன் அம்மாள் அவனைக் கைவிடவில்லை. 1828-இல் அவன் இறக்கும்வரை அவளுடைய பராமரிப்பிலேயே வாழ்ந்தான். கல்வி வரலாறுகள் வைத்தியரைப் புகழ்ந்துவிட்டு அந்த அம்மாளை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இத்தாரின் முறைகளை அவருடைய மாணாக்கரான செகேன் விரிவாக்கினார். அவ்விருவர் எழுதியவற்றையும் ரோமாபுரியில் ஓர் இளம் பெண் வைத்தியர் இத்தாலிய மொழியில் பெயர்த்து, தம் கைப்படவே எழுதிக்கொண்டு படித்தார். அவர்தான் மரியா மாண்டிசோரி. பைத்தியக்கார விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் நொந்து, அவர்களுக்கு வேண்டியது மருந்தன்று, கல்வியே என்று அவர் முடிவு செய்தார். அவரிடம் பயின்ற அப்பிள்ளைகளிற் சிலர் பொதுப் பள்ளிப் பரீட்சையிலும் தேறினார்கள். ஊரெல்லாம் அதைக் கண்டு வியக்க, குறையொன்றுமில்லாத பிள்ளைகள் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று அவர் வியந்தார். 1907-இல் சான் லொரென்ஸோவில் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அந்த வியப்பின் விளைவு. அவரே 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்ததும், யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கியதும் நேயர்கள் பலர் அறிந்ததே. இன்று மிகுந்த சம்பளம் வாங்கும் நகரத்துப் பள்ளிகளில், விரலால் தடவிப் படிக்கும் சொரசொரப்பான எழுத்து அட்டைகளைக் காணும் பெற்றோர், அவற்றின் பூர்வீகம் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளின் விடுதிகளில் இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. தங்கள் பிள்ளையின் வகுப்பில் அப்படிப்பட்ட குழந்தை ஒன்று சேர்ந்தால் முகஞ்சுளிப்பவர்களும் அவர்களுள் உண்டு.

மாண்டிசோரியின் சாதனங்களில் பித்தான் போடவும் நாடா முடியவும் பழக்கும் துணிச் சட்டங்கள் சில உள. வீட்டில் அந்தச் சட்டங்கூட வேண்டுவதில்லை. குழந்தையின் சட்டையே போதும். ஆனால் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சட்டையை விரித்து, கைகளை நுழைத்து, இரு ஓரங்களையும் சேர்த்து, பித்தானைத் துளையில் பாதி செலுத்தும்வரை தாயே செய்துவிட்டு, மீதிப் பாதியை இழுத்துவிடும் வேலையை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். அது கைவந்தபின், பித்தானைத் துளையில் செலுத்துவதையும் அவனிடம் விடலாம். இவ்விதம் கடைசிப் படியிலிருந்து முதற்படி நோக்கிப் பின்னே செல்ல வேண்டும். முதற்படியிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதியில் களைத்துவிடும், முடிப்பவர் வேறொருவராயிருப்பார். கடைசியிலிருந்து தொடங்கினாலோ, ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனே. காலையில் பள்ளி வாகனம் வரும் அவசரத்தில் இதைச் செய்ய இயலாது என்று தாய்மார் சொல்வது முற்றிலும் உண்மை. மாலையில் உடை மாற்றும் நேரமே இதற்கு ஏற்றது. தாய் ஒருத்தியே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கெரேன் அம்மாளுக்காவது சம்பளம் கிடைத்தது.

எழுத்துக் கற்பிப்பதிலும் இந்தப் படிப்படியான போக்கு அவசியம். வாசிப்பில் தடுமாறும் குழந்தையின் முன்னால் 247 எழுத்துக்களின் அட்டவணையை விரித்து வைப்பதைப்போல் கொடுமை வேறில்லை. ‘கா’ என்பதில் மெய்யும் உயிரும் ஒலிக்கும் வரிசையிலேயே கண்ணுக்கும் தெரிகின்றன. ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’ என்பதிலோ அது இருபுறமும் நிற்கிறது. முதலாவதை நன்றாகப் பழக்கிய பின்னரே மற்றவற்றுக்குச் செல்வதும், அட்டையில் வெட்டிய எழுத்தையும் குறியையும் குழந்தை தானே பொருத்திப் பார்க்கும்படி விடுவதும் எந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியராலும் செய்யக்கூடியவை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குறைபாடுடைய குழந்தைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் சென்று வருகிறார்கள். ஒருவர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், அவர் வராத நாட்களில் அவர் சொல்லிக்கொடுத்தது தொடர்வதற்கு ஏற்பாடு வேண்டும். சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று, சிறப்பாசிரியர், வகுப்பாசிரியர், தாய் ஆகிய மூவர் கையிலும் சுற்றி வந்து, இந்த வாரம் எந்தப் படி பழக்கப்படுகிறது என்பதை இரண்டு வரியில் தாங்கியிருந்தால் போதும். அதில் புகார்கள் மட்டுமே ஏறுமானால், சில வாரங்களுக்குள் தாய் அதைத் திறக்கவே அஞ்சுவாள்.

பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு முதலிய சலுகைகள், தகுதியுள்ள மாணவர்களுக்கு வைத்தியச் சான்றின்பேரில் கிடைக்கின்றன. பெற்றோர் பலர் விலக்கைப் பெற விரைவதைப் போல் சொல்வதை எழுதுபவரைப் பயன்படுத்தப் பிள்ளையைப் பழக்குவதில் கவனம் செலுத்துவதில்லை. முன்பின் அறியாத ஒருவரிடம், விடையைத் தொடர்ச்சியாக, வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி, ‘இங்கே நிறுத்துங்கள், இதை அடிக்கோடிடுங்கள், அடுத்த பத்திக்குப் போங்கள்’ என்று தயக்கமின்றிக் கட்டளையிடுவது, பெரியவர்களுக்கே எளிதில் வராத வித்தை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இதைத் தொடங்கிவிடலாம்: வாரத்தில் ஒரு மாலை தகப்பனார் பேனாவைப் பிடிக்கட்டும், பிள்ளை சொல்லட்டும். அவன் சொன்னது தவறாயிருந்தாலும் அப்படியே எழுத வேண்டும். திருத்தி எழுதும் சபலம் தகப்பன்மாருக்கு அதிகம். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரையோ அவன் அதிகம் பழகாத உறவினரையோ எழுதச் சொல்லிப் பார்த்தால், அவன் எவ்விடத்தில் தயங்குகிறான் என்பது தேர்வுக்கு வெகுமுன்பே தெரிந்துவிடும்.