பொல்லாரத்துத் திரித்துவ ஆலயம்

செகந்திராபாத்துக்கு வடக்கே, பொல்லாரம் என்னும் பழைய ராணுவக் குடியிருப்பில், கல்லறைத் தோட்டத்தோடு நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை முதன்முறை காண்பவர், இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில் ஒன்றைப் பெயர்த்தெடுத்துத் தக்காணத்து மண்ணில் நட்டுவிட்டார்களோ என்று மயங்குவது இயல்பே. 1847-இல் எழுந்த இவ்வாலயத்துக்கு விக்டோரியா மகாராணி தம் சொந்தப் பொருளை ஈந்தார் என்பது கர்ண பரம்பரையாக வழங்கிவரும் செய்தி.

அத்தகைய சிற்றூர்க் கோயிலின் மரபு பழமையானது. மத்திய கால இங்கிலாந்திலே சேகரத்துக்கு ஒரு கோயில் என்பது நியதி; ஞானஸ்நானமும் விவாகமும் அடக்கமும் அங்கேயே நிகழ்ந்தன; உழவன் தன் விளைச்சலில் தசமபாகம் செலுத்தினான். பலிபீடம் அமைந்த கீழ்த்திசைப் பகுதியைச் செப்பனிடுவது குருவின் கடமையாகவும், ஜனங்கள் கூடும் மண்டபத்தைக் காப்பது ஊராரின் பொறுப்பாகவும் இருந்தன. கருவறையையும் மகாமண்டபத்தையும் அறிந்த நமக்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும்.

பொல்லாரத்திலோ உழவருமில்லை, தசமபாகமுமில்லை. 1798-இல் ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக ஆங்கிலப் படை இவ்வட்டாரத்தில் நிலைகொள்ள, 1806-இல் செகந்திராபாத் அடுத்த நிஜாமான சிக்கந்தர் ஜாவின் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்துப் படையதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாருமே இக்கோயிலின் சபையார். மத்திய காலக் கட்டடக் கலையே பக்திக்கு உகந்தது என்ற எண்ணம் அந்நாளில் இங்கிலாந்தில் வலுப்பெற்றிருந்தமையால், கூர்நுனி வளைவும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் கடல் கடந்து வந்தன.

ஆனால் கூர்நுனி வளைவைக் கண்டு ஹைதராபாத்தார் வியந்திருப்பார்களா? 1591-இல் எழுந்த சார்மினாரின் நான்கு பெரும் வளைவுகளும் கூர்நுனி கொண்டவையே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை அடைந்த அவ்வமைப்பே கீழ்நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது என்பாரும் அறிஞருள் உளர். அங்ஙனமாயின், பொல்லாரத்துக்கு வந்தது அந்நியச் சரக்கன்று, நெடுங்காலம் வெளியூரில் தங்கித் திரும்பிய உறவினர் என்றே நான் கொள்வேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பல சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று; திரித்துவ ஆலயமும் இன்று அதனைச் சேர்ந்ததே. அவ்வாண்டு நவம்பர் 20 அன்று லண்டனில் மணம்புரிந்த விக்டோரியாவின் எள்ளுப்பேத்தி எலிசபெத், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1983-இல் அதே நாளன்று கணவருடன் இவ்வாலயத்துக்கு வந்து வழிபட்டார். அந்நாளில் அரசியாகவும் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவியாகவும் இருந்த அவர், தம் முன்னோர் பொருளால் எழுந்ததெனச் சொல்லப்படும் இக்கோயிலில் அமர்ந்தது விருந்தினராகவே.