உஷார்! கயிறு கையில் இருக்கிறது… மோட்டார் நிற்குமா?

படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளே, கரையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். விடியற்காலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பும் அக்கா தங்கைகளே, நீங்களும் வந்து கேளுங்கள்.

உங்கள் மோட்டார் பழசா? பத்து, இருபது வருடம் உப்புத் தண்ணீரில் ஓடியதா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் அந்த நொடியே நிற்க வேண்டும். அதற்குத்தான் கில் சுவிட்ச். சுருள் சுருளாக இருக்குமே ஒரு சிவப்புக் கயிறு, அதன் ஒரு முனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் அல்லது தொடையில் இருக்கும். மறுமுனையில் இருக்கும் கிளிப் சுவிட்சில் மாட்டியிருக்கும். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், மோட்டார் அணையும். பழைய மோட்டார்கள் பலவற்றில் இது கிடையாது. நிறுத்துவதற்கு ஒரு பொத்தான்தான். அதை அழுத்த ஆள் படகில் இருக்க வேண்டுமே!

‘கடையில் வாங்கி மாட்டிவிட்டோம், இனி பயமில்லை’ என்கிறீர்களா? அந்த நினைப்புதான் ஆபத்து.

பாக் நீரிணைக் கரையில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். 15 குதிரைத்திறன் பழைய மோட்டார். வீட்டில் நச்சரித்ததால் அந்தத் தம்பி கில் சுவிட்ச் பொருத்தினார். கம்பியை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி, வேலை முடிந்தது. அன்று இழுத்துப் பார்த்தார், மோட்டார் நின்றது. அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

ஒரு வருடம் கழித்து, இருட்டுப் பிரியாத நேரம். மிதந்து வந்த கட்டையில் படகு மோதித் தூக்கிப்போட்டது. தம்பி தண்ணீரில். கயிறு மணிக்கட்டில் இருந்தது, கிளிப்பும் கூடவே வந்துவிட்டது. மோட்டார் நிற்கவில்லை.

கை விட்டதும் ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. படகு வட்டமடித்து, விழுந்த ஆளை நோக்கியே திரும்பி வந்தது. முதல் சுற்றில் முங்கித் தப்பினார். இரண்டாவது சுற்றில் கெண்டைக்காலில் வெட்டு. அணியத்தில் வலையோடு இருந்தவர் தவழ்ந்து வந்து ஆக்சிலேட்டரைக் குறைத்து நியூட்ரலுக்குத் தள்ளியதால் உயிர் தங்கியது. கால் இன்றும் சரியாக ஊன்ற வரவில்லை.

பிறகு மெக்கானிக் அந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாகி விரலில் ஒட்டியது. இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. எப்போது அறுந்தது? யாருக்கும் தெரியாது. மோட்டார் பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் விளக்குக் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்துவிடும், உங்களுக்குத் தெரிந்துவிடும். மேக்னெட்டோ வைத்த அவுட்போர்டில் கதை நேர் தலைகீழ். கிளிப் கழன்றதும் சுவிட்ச் உள்ளே *இணைகிறது*. இக்னிஷனின் ஸ்டாப் கம்பி எஞ்சின் உடம்போடு, அதாவது எர்த்தோடு சேர்கிறது. பிளக்கில் பொறி நிற்கிறது. அந்தக் கம்பி அறுந்து கிடந்தால் மோட்டார் ஓடும். நிற்கத்தான் மாட்டேன் என்னும். விழுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

புரொப்பல்லரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியரில் அது பாதியாகக் குறைகிறது என்றே வையுங்கள். அப்போதும் புரொப்பல்லர் நொடிக்கு 40 தடவைக்கு மேல் சுற்றும். மூன்று இலை. நொடிக்கு 120 வெட்டு. நீச்சல் தெரிந்தவர் என்று அது பார்க்காது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில், பேட்ஸ்டோ ஊருக்குப் பக்கத்தில், 2013 மே 5 அன்று ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே ஏறியது. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று எட்டு வயதுக் குழந்தை. படகில் கில் சுவிட்ச் இருந்தது. கயிற்றை யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் குறை.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகை வேகமாக ஓட்டுகிறவர் கில் சுவிட்ச் இணைப்பை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சுவிட்ச் இல்லாத பழைய படகில் புதிதாகப் பொருத்தச் சொல்லி அந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பழைய மோட்டாருக்கு அதை வைத்திருப்பவர்தான் காவல்.

பொருத்தும்போது இந்தத் தப்பு செய்யாதீர்கள்!

1. சுவிட்சில் இரண்டு வகை உண்டு. ‘கிளிப்பை எடுத்தால் இணைகிற வகை’ என்று கேட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் கிளிப் மாட்டியிருக்கும்போது மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: கிளிப் இருந்தால் சத்தம் வரக் கூடாது, எடுத்தால் ‘பீப்’ வர வேண்டும்.

2. ஸ்டாப் கம்பியில் பேட்டரியின் 12 வோல்ட்டைத் தொடவே விடாதீர்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட் எரிந்துபோகும்.

3. நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். யமஹாவில் பொதுவாக ஸ்டாப் கம்பி வெள்ளை, எர்த் கறுப்பு. ஜான்சன், எவின்ரூடில் கறுப்பில் மஞ்சள் கோடு. பழைய மோட்டாரில் யார் யார் கைவைத்தார்களோ! உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பாருங்கள்.

4. மிகப் பழைய, பாயின்ட் வைத்த இரட்டை சிலிண்டரில் இரண்டு காயிலுக்கும் தனித்தனிக் கம்பி. இரண்டையும் நிரந்தரமாகச் சேர்த்து முடிந்துவிட்டால் மோட்டார் ஓடாது. ஒன்றை மட்டும் இணைத்தால் மற்ற சிலிண்டர் நிற்காது. அதற்கேற்ற சுவிட்ச் வேண்டும்.

5. முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய கம்பி, அழுத்திப் பிடித்த லக், சூடு காட்டினால் சுருங்கும் உறை போடுங்கள். எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். பிறகு கிரீஸ் பூசுங்கள்.

6. மூடியைத் திறந்து வேலை பார்க்கும்போது மோட்டார் ஓடக் கூடாது. ஃப்ளைவீல் விரலை எடுத்துவிடும். ஓடும்போது ஸ்டாப் கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும்.

இன்னொன்று: நீள்வால் டீசல் எஞ்சினில் இந்த வேலை பலிக்காது. அதில் பிளக் பொறியே கிடையாது. எண்ணெயைத்தான் நிறுத்த வேண்டும்.

இந்த அறிகுறி தெரிந்தால் கடலுக்குப் போகாதீர்கள்!

ஸ்டாப் பொத்தானை இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் அணைகிறதா? உள்ளே தொடர்பு அரிபட்டுக்கொண்டிருக்கிறது.

அலையில் குதிக்கும்போது மோட்டார் திடீர் திடீரென அணைகிறதா? கம்பி எங்கோ உராய்கிறது, அல்லது சுவிட்சில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ‘தொல்லை’ என்று கம்பியையே வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டாம்! காரணத்தைத் தேடுங்கள்.

கிளிப் தொளதொளவென்று இருக்கிறதா? வெயிலில் வெடித்திருக்கிறதா? சுருள் இழுபட்டுத் தொங்குகிறதா? உடனே மாற்றுங்கள்.

கிளிப் தொலைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறோ கட்டுக்கம்பியோ சுற்றியிருக்கிறதா? உங்களிடம் கில் சுவிட்ச் இல்லை. இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

படகில் மாற்று கிளிப் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஓட்டுகிறவர் கிளிப்போடு கடலில் விழுந்தால், படகில் மிஞ்சியவர் எதை வைத்து மோட்டாரை ஸ்டார்ட் செய்து அவரைத் தூக்கப் போவார்? அந்த கிளிப் உங்கள் சுவிட்சில் சேர்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தினமும் இழுத்துப் பாருங்கள். மோட்டாரை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஓடவிட்டு, கயிற்றைச் சுண்டி இழுங்கள். நின்றால் போங்கள். நிற்காவிட்டால் அன்றைக்கு மீன் வேண்டாம்.

அந்தத் தம்பியின் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தூக்குவாளியைக் கையில் கொடுக்கும்போது முன்பெல்லாம் அவர் மனைவி “தண்ணி கேன் எடுத்தாச்சா?” என்று கேட்பார். இப்போது வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கேட்கிறார்: “கயிறை இழுத்துப் பார்த்தீங்களா?”

பதில் வந்த பிறகுதான் வாளியை விடுகிறார். நாளைக் காலையில் உங்கள் வீட்டிலும் கேளுங்கள்.