வழக்கறிஞரிடம் ஒப்படைத்த பணம்

சாலைக் கடைத்தெருவில் நெடுங்காலமாக வணிகம் செய்துவரும் ஒரு தம்பதியர், தங்கள் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து ரொக்கமாகத் தரவேண்டுமென்று எங்கள் கிளைக்கு வந்தனர். காரணத்தை அவர்களாகவே சொன்னார்கள். பிறக்கவிருக்கும் குழந்தையொன்றைத் தத்தாகப் பெற்றுத் தருவதாக ஒரு வழக்கறிஞர் முன்வந்திருந்தார். அவருடைய கட்டணம், மருத்துவச் செலவு, தாய்க்கு ‘உதவி’ யாவும் சேர்த்து ஒரே தொகை, ரசீது கிடையாது. குழந்தை பிறந்தது, தாய் மனம் மாறினார். அது அவருடைய உரிமை. ஆனால் பணம் திரும்பி வரவில்லை.

அந்தப் பணம் யாருடையது? கட்டணமாக உறுதி செய்யப்பட்ட பகுதி மட்டுமே வழக்கறிஞருடையது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்கு அவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். பெற்றது கட்டணத்துக்கா செலவுக்கா என்று பதிய வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைத் தரவேண்டும். அதைக் கடனாக மாற்றிக்கொள்ளவும் கூடாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு கட்டாயம். நம் விதிகள் கணக்கெழுதச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. இது ஒரு குறை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

தொகை சிறிதென்று நீதிமன்றம் விட்டுவிடுவதில்லை. நில இழப்பீடாக வந்த 8,118 ரூபாயைக் கட்சிக்காரருக்குத் தெரிவிக்காமல் எடுத்துக்கொண்ட வழக்கறிஞருக்கு, பார் கவுன்சில் மூன்றாண்டுத் தடை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 2002-இல் உச்ச நீதிமன்றம் அவர் பெயரையே வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது. பிழைத்துப்போன சமாதானத்தைக் காட்டிப் பொய்யான பத்திரம் தாக்கல் செய்ததும் அவருக்கு எதிராக நின்றது.

புகாரை மாநில பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். கேரளத்தில் அது எர்ணாகுளத்தில் உள்ளது. புகார் ஓராண்டுக்குள் முடிவுபெற வேண்டுமென்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். நுகர்வோர் ஆணையத்தை நாடிப் பயனில்லை. வழக்கறிஞர் சேவை அச்சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தாய்க்கான ‘உதவி’தான் சிக்கலானது. தத்துக்கு ஈடாகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தையை விற்பது அல்லது வாங்குவது என்றாகிவிட்டால், 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை கடுங்காவல். அந்தப் பகுதியைத் திரும்பக் கேட்டு வழக்காடுபவர், முதலில் தம் தவற்றையே ஒப்புக்கொள்ள நேரும்.

ஆகவே பெரிய தொகையைத் தரும்போது ரொக்கம் வேண்டாம். கோடிட்ட காசோலையோ வங்கிவழிப் பரிமாற்றமோ போதும். இன்ன காரியத்துக்கென்று ஒரு கடிதமும் இணையட்டும். தத்து வேண்டுவோர்க்கு மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையப் பதிவும், அரசு அறிவித்த கட்டணமும் இருக்கின்றன. இடைத்தரகர் எவரும் தேவையில்லை.

அந்தத் தம்பதியர் இப்போது அங்கே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கின்றனர். கணக்குக் கேட்டு வழக்கறிஞருக்கு எழுதிய பதிவு அஞ்சலின் ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.